புத்தாக்கத் திறனைப் பண்பாட்டு மூலதனம் என்று சொல்லலாமா?

ஆய்வு மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. பல்கலைக்கழக மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் உள்ள புத்தாக்கத் திறனை அவர் ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கிறார். அதைப் பண்பாட்டு மூலதனமாகப் பார்க்கும்படி நெறியாளர் சொல்லியிருக்கிறார். "திறன் என்றால் பழகி வருவது. மூலதனம் என்றால் ஏற்கெனவே கையில் இருப்பது. இரண்டும் எப்படி ஒன்றாகும்? ஒன்றுதான் என்றால் அதை எப்படி அளப்பது?" என்கிறார்.

உங்கள் நெறியாளர் நல்ல வழியைத்தான் காட்டியிருக்கிறார். நீங்கள் தடுக்கி நிற்கிற இடமும் சரியான இடம்தான். புத்தாக்கத் திறன் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் இரண்டு சங்கதிகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று, புதிதாக ஒன்றைச் செய்யத் தெரிவது. இன்னொன்று, செய்தது புதிது, மதிப்புள்ளது என்று உரிய ஆட்கள் ஒப்புக்கொள்ளும்படி அதை எடுத்துவைக்கத் தெரிவது. முதலாவது எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரும். இரண்டாவது சில வீடுகளில் தானாக ஊறி வருகிறது, மற்ற வீடுகளில் வருவதில்லை. பல்கலைக்கழகங்கள் முதலாவதைக் கற்றுத்தருவதாகச் சொல்லிவிட்டு இரண்டாவதுக்கு மதிப்பெண் போடுகின்றன. மூலதனம் என்ற சொல் தேவைப்படுவது இங்கேதான்.

பண்பாட்டு மூலதனம் என்ற கருத்தை உருவாக்கியவர் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ. 1930இல் தென்மேற்கு பிரான்சின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா தபால் ஊழியர். அங்கிருந்து பாரிசின் மிக உயர்ந்த கல்விக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர். 1960களில் ழான்-குளோத் பஸ்ஸரோனோடு சேர்ந்து பிரெஞ்சு மாணவர்களை ஆராய்ந்தபோது அவர் முன்னால் இருந்த புதிர் எளிமையானது. தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதான், வகுப்பும் ஒன்றுதான், பிறகு ஏன் படித்தவர் வீட்டுப் பிள்ளைகளே திரும்பத் திரும்ப மேலே வருகிறார்கள்? அவர் கண்ட விடை: பள்ளிக்கூடம் தான் சொல்லித்தராத சிலவற்றையும் மாணவரிடம் எதிர்பார்க்கிறது. பேசும் தோரணை, எதை ரசிக்க வேண்டும் என்ற உணர்வு, ஆசிரியரோடு கூச்சமில்லாமல் பழகும் பழக்கம் எல்லாம் அதில் அடக்கம். இவை வீட்டிலேயே கிடைத்தவருக்கு அது 'இயல்பான அறிவு' என்று பெயர் வாங்கித் தருகிறது. கிடைக்காதவருக்கு 'திறமை போதாது' என்ற பெயர் வருகிறது.

இதற்குக் கிட்டத்தட்ட அதே காலத்தில், 1964இல், அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 'மனித மூலதனம்' என்ற கருத்தை விரிவாக எழுதினார். கல்வி என்பது முதலீடு, அது உழைப்பின் பயனைக் கூட்டுகிறது, ஆகவே வருமானம் கூடுகிறது என்பது அவர் வாதம். இந்த இரண்டையும் ஆய்வு மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள், நீங்கள் குழப்பிக்கொள்ளாதீர்கள். மனித மூலதனம் என்று எடுத்தால், திறன் உள்ளவருக்கு அதன் பலன் தானாக வந்து சேரும் என்று பொருள். பண்பாட்டு மூலதனம் என்று எடுத்தால் அந்தத் திறனை யார் மதிக்கிறார்கள், எந்தக் களத்தில், எந்த வடிவில் வந்தால் மதிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பூர்தியூ பெக்கர் வழியினர்மீது வைத்த குறையும் இதுதான்: பள்ளிக்குச் செலவான பணத்தையும் வருடங்களையும் கணக்கெடுத்தார்கள், வீட்டுக்குள்ளே சத்தமில்லாமல் கைமாறுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பண்பாட்டு மூலதனம் மூன்று நிலைகளில் இருக்கும் என்றார் அவர். 1983இல் ஜெர்மன் மொழியிலும் 1986இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த ஒரு கட்டுரையில் இதை விளக்குகிறார். உடம்பில் ஊறியது ஒன்று, பொருளாக இருப்பது ஒன்று, பட்டம் சான்றிதழ் என்று முத்திரை பெற்றது ஒன்று. புத்தாக்கத்துக்கு இது அப்படியே பொருந்தும். காப்புரிமை, பரிசு, ஸ்டார்ட்அப் நிறுவனர் என்ற பட்டம் எல்லாம் முத்திரை பெற்றவை. சோதனைக்கருவி, மென்பொருள், முப்பரிமாண அச்சு எந்திரம் எல்லாம் பொருள் வடிவம். இந்த இரண்டையும் காசு கொடுத்தோ விதி போட்டோ ஒரு பல்கலைக்கழகம் கூட்டிவிடலாம். உடம்பில் ஊறியதை மட்டும் அப்படிச் செய்ய முடியாது. எதைப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்வது, எப்போது கைவிடுவது, பாதி வெந்த யோசனையை யாரிடம் போய்ச் சொல்வது என்கிற உணர்வு அது. ஊறுவதற்குக் காலம் பிடிக்கும், ஒரு நாள் பயிலரங்கில் வராது. எந்திரம் வாங்கி வைத்து, அறைக்குப் பெயர்ப்பலகை மாட்டி, ஆறு மாதம் கழித்து அது தூசி படிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பொருள் வந்துவிட்டது, அதைக் கையாளும் பழக்கம் வரவில்லை.

'ஊறியது' என்பதை மாயமந்திரம்போல எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு உதாரணம் சொல்கிறேன். 1970இல் கனடாவின் ஒரு ஆய்வகம் டிஇஏ லேசர் என்ற புதுவகை லேசரைச் செய்துவிட்டதாக அறிவித்தது. அறிவியல் இதழ்களில் கட்டுரைகளும் வந்தன. பிரிட்டனில் பல ஆய்வகங்கள் அதைத் தாமும் செய்ய முயன்றன. ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர் அந்த ஆய்வகங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பேசி, 1974இல் தன் முடிவை எழுதினார். கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த லேசரை எரியவைத்தவர்கள் ஒருவர்கூட இல்லை. செய்து முடித்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே அதைச் செய்த ஒருவரோடு நேரிலோ தொலைபேசியிலோ பழகியவர்கள். அப்படிப் பழகியவர்களிலும் சிலர் தோற்றார்கள். ஓரிடத்தில் சிக்கல் எதில் இருந்தது தெரியுமா? மின்தேக்கியிலிருந்து மின்முனைக்குப் போகும் கம்பி குட்டையாக இருக்க வேண்டும். செய்தவர்கள் அதைக் குட்டையாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அது முக்கியம் என்று அவர்களுக்கே தோன்றாததால் எழுதவில்லை. எழுதாததைப் படித்தவர் எப்படி அறிவார்?

மாணவர்களில் பாதிப்பேர் இந்தக் கம்பி விஷயத்தில்தான் தோற்கிறார்கள் என்பது என் அனுபவம். கட்டுரைச் சுருக்கத்தில் முதல் வரி எப்படி இருக்க வேண்டும், மறுத்து வந்த மின்னஞ்சலுக்கு மறுபடி எழுதலாமா, ஒரு கருவியைப் பிரித்துப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்பது போன்றவற்றை யாரும் மறைப்பதில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். வீட்டில் ஒரு ஆராய்ச்சியாளரோ பொறியாளரோ இருந்தால் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே இவை காதில் விழுந்திருக்கும்.

எண்களும் இதையே சொல்கின்றன. ராஜ் செட்டியும் அவரோடு நான்கு பொருளியலாளர்களும் அமெரிக்காவின் 12 லட்சம் கண்டுபிடிப்பாளர்களுடைய காப்புரிமைப் பதிவுகளை வரிக் கணக்குகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். வருமானத்தில் உச்சி 1 சதவீதக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை, நடுமட்டத்துக்குக் கீழே உள்ள குடும்பத்தில் பிறந்த பிள்ளையைவிடக் கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு 10 மடங்கு. சரி, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பணக்கார வீடுகளில் அதிகம் போலும் என்று தோன்றலாம். மூன்றாம் வகுப்புக் கணித மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது விளக்கவில்லை. கணிதத்தில் முன்னணியில் இருந்தும் ஏழை வீட்டில் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர் ஆகவில்லை. விளக்கியது வேறொன்று. எந்தத் துறைக் கண்டுபிடிப்பாளர்கள் நிறைந்த பகுதியில் ஒரு பிள்ளை வளர்கிறதோ, அதே துறையில் பின்னாளில் காப்புரிமை எடுக்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்தப் பகுதியில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் இருந்தால் பெண் பிள்ளைகளுக்கு அது கூடுகிறது, ஆண்கள் மட்டும் இருந்தால் அவர்களுக்குக் கூடுவதில்லை. இந்தக் கடைசி முடிவைப் படித்த நாளிலிருந்து என் வகுப்பில் யாரை அழைத்துப் பேசவைக்கிறேன் என்பதில் நான் மிகவும் கவனமாகிவிட்டேன்.

ஆசிரியர் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் இறுக்கம். அமெரிக்காவில் எட்டுத் துறைகளைச் சேர்ந்த 7,204 பேராசிரியர்களிடம் தகவல் சேகரித்து 2022இல் ஒரு ஆய்வு வந்தது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேலானோருக்கு அப்பாவோ அம்மாவோ முனைவர் பட்டம் பெற்றவர். பொது மக்களோடு ஒப்பிட்டால் இது 25 மடங்கு வரை அதிகம். பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் இந்த விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பு. அப்படியென்றால் புத்தாக்கத்தை மதிப்பிடும் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களே பெருமளவு ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்கள். தமக்குப் பழகிய சாயலை அவர்கள் திறமை என்று நினைத்துக்கொள்வது மனித இயல்பு. கெட்ட எண்ணம் தேவையே இல்லை.

நானே அப்படி நடந்திருக்கிறேன். மாணவர் செயல்திட்டங்களை மதிப்பிடும் குழுவில் ஒருமுறை இருந்தேன். ஒரு மாணவர், கைகளை அசைக்க முடியாதவர்களுக்காகப் புத்தகப் பக்கம் திருப்பும் கருவி ஒன்று செய்துகொண்டு வந்திருந்தார். பழைய பிரிண்டரில் தாளை இழுக்கும் ரப்பர் உருளை, ஒரு சின்ன மோட்டார், அட்டைப் பலகை. "இன்னும் முழுசா முடியல சார்" என்று ஆரம்பித்தார். இரண்டு பக்கம் திருப்பிக் காட்டினார். ஏதாவது கேள்வி உண்டா என்று நாங்கள் கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்து வந்தவரிடம் பொருள் எதுவும் இல்லை. பத்து ஸ்லைடு இருந்தது. பிரச்சினை என்ன, யாருக்கு, இப்போது இருக்கும் வழிகளில் என்ன குறை, எங்கள் வழி என்ன, எவ்வளவு செலவு என்று அளந்து பேசினார். எங்கள் கேள்விகளை "அருமையான கேள்வி, அதைத்தான் அடுத்த கட்டத்தில் பார்க்கப் போகிறோம்" என்று ஏந்திக்கொண்டார். இரண்டாமவருக்கே அதிக மதிப்பெண் விழுந்தது. நானும்தான் போட்டேன்.

பிறகு தேநீர் இடைவேளையில் முதல் மாணவரின் மேசைப் பக்கம் போனபோது ஒரு நோட்டு கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். தேதி போட்டு, எந்த உருளை, எந்தத் தாள், எத்தனை முறையில் எத்தனை முறை சரியாகத் திரும்பியது என்று கோடு போட்டு எழுதியிருந்தார். செய்தித்தாள் மாதிரி மெல்லிய தாளில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று ஒரு பக்கம். உருளையின் அழுத்தத்தைக் குறைத்தால் தாள் நழுவுகிறது என்று அடுத்த பக்கம். உருளையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் தாளின் மூலை முதலில் எழும்பி, ஒட்டிய பக்கம் தானே பிரிந்துவிடுகிறது என்று மூன்று பக்கம் தள்ளி. அந்தக் கருவியின் உயிரே அந்தச் சாய்வில்தான் இருந்தது. இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அதெல்லாம் தோத்துப்போன கணக்கு சார். அதை எதுக்குக் காட்டணும்னு விட்டுட்டேன்" என்றார்.

தோல்விக் கணக்கு வெட்கப்பட வேண்டியது என்று அவருக்குச் சொல்லித்தந்தது பள்ளிக்கூடம். அதே தோல்விக் கணக்குதான் ஆய்வுலகில் மதிப்பான சொத்து என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டாம் மாணவருக்கு அது தெரிந்திருந்தது. செய்யாத வேலையைக்கூட 'அடுத்த கட்டம்' என்று சொல்லத் தெரிந்திருந்தது. அவர்மீது எனக்குக் குறையில்லை, அதுவும் உண்மையான ஒரு திறன்தான். ஆனால் நாங்கள் அளந்தது புத்தாக்கத்தை என்று மட்டும் சொல்ல முடியாது.

இதற்கு மறுப்பாக, உண்மையான திறமை எப்படியும் வெளியே வந்துவிடும் என்பார்கள். சான்றாக மைக்கேல் ஃபாரடேயைக் காட்டுவார்கள். கொல்லர் மகன், 14 வயதில் புத்தகக் கட்டுநரிடம் வேலை பழகப் போனவர், மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர். அவர் கதையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அது எதிர்ப்பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. அறிவியல் கூடத்தில் எந்த எடுபிடி வேலையானாலும் பரவாயில்லை என்று பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு முதலில் ஒரு கடிதம் எழுதினார். பதில் இல்லை. வாசற்காவலரிடம் கேட்டபோது, பதில் கிடையாது என்று சொல்லப்பட்டது. பிறகு 1812இல், கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச்சீட்டு தந்ததால் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டதை எல்லாம் படங்களோடு சுத்தமாக எழுதி, தன் கையாலேயே தைத்து அட்டை போட்டு, டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் வேலை கிடைத்தது. முதல் கடிதம் எழுதியவரும் இந்தப் புத்தகத்தை அனுப்பியவரும் ஒரே ஃபாரடேதான். இடையில் அவருடைய மூளை மாறிவிடவில்லை. தன்னிடம் இருந்த ஒரே சொத்தான புத்தகம் கட்டும் கைத்திறனை, டேவியின் உலகம் மதிக்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தார்.

அதோடும் முடியவில்லை. டேவி தம்பதியோடு ஐரோப்பா சுற்றியபோது உதவியாளராகப் போனவர் பணியாள் வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. திரும்பி வந்த பிறகு, 1818இல், பேச்சுப் பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் காசு கொடுத்து மேடையில் பேசக் கற்றார். உச்சரிப்பையும் இலக்கணத்தையும் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து திருத்திக்கொண்டார். ஒரு சீமான் வீட்டுப் பிள்ளைக்கு இது எதுவும் தேவைப்பட்டிருக்காது. இவ்வளவு சேர்த்த பிறகும் கணிதம் மட்டும் கைவரவில்லை. காந்தத்தையும் மின்னையும் சுற்றியுள்ள வெளியில் விசை கோடுகோடாகப் பரவியிருக்கிறது என்ற, விசைக்கோடுகள் எனப்படும் அவருடைய மாபெரும் கருத்தை அந்தக் காலக் கணித இயற்பியலாளர்கள் பலர் பொருட்படுத்தவில்லை. 1850களின் நடுவில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அதைக் கணிதத்தில் எழுதிக் காட்டிய பிறகே அது களத்துக்குள் வந்தது. நீங்கள் கண்டறிந்ததைச் சூத்திர எழுத்திலிருந்து எளிய மொழிக்கும் மாற்றி எழுதக் கூடாதா என்று 1857இல் ஃபாரடே மேக்ஸ்வெல்லுக்கு எழுதினார். எனக்கு அந்தக் கடிதம் மிகவும் பிடிக்கும். தன் கருத்தே வேறொரு மொழியில் திரும்பி வரும்போது அதைப் படிக்க முடியாமல் நிற்கும் மனிதரின் கேள்வி அது.

ஆசிரியர்களிடம் இதே சங்கதி எப்படி நடக்கிறது என்பது உங்கள் ஆய்வின் இரண்டாம் பாதி. ஒரு பெரிய ஆய்வு, 1 கோடியே 79 லட்சம் ஆய்வுக்கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்தது. அதிகம் பேசப்படும் கட்டுரைகள் முழுக்கப் புதியவையாக இல்லை. பெரும்பகுதி வழக்கமான அறிவுச் சேர்க்கை, அதற்குள் ஓரிரு வழக்கமில்லாத இணைப்பு, இந்தக் கலவைதான் அதிகம் எடுபட்டது. மரபு எது என்று நன்றாகத் தெரிந்தவர்தான் எந்த அளவு மீறினால் தாங்கும் என்றும் கணிக்க முடியும் என்று நான் இதைப் படிக்கிறேன். அந்தக் கணிப்பு உடம்பில் ஊறிய மூலதனம். அது இல்லாதவர் ஒன்று பயந்து மரபிலேயே நிற்கிறார், இல்லையென்றால் எடுத்த எடுப்பில் தொலைதூரம் போய்விடுகிறார். இரண்டுமே அவருக்கு நஷ்டம்.

2020இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் உறுத்தக்கூடியது. அமெரிக்காவில் 1977 முதல் 2015 வரை முனைவர் பட்டம் பெற்ற சுமார் 12 லட்சம் பேரின் ஆய்வேடுகளை எடுத்து, இதுவரை யாரும் சேர்க்காத கருத்துகளை முதன்முதலில் சேர்த்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். துறையில் சிறுபான்மையாக இருப்பவர்களே, அதாவது பெண்களும் வெள்ளையர் அல்லாதவர்களும், அதிகப் புதுமை காட்டினார்கள். ஆனால் அவர்களுடைய புதுமையை மற்றவர்கள் எடுத்தாள்வது குறைவாக இருந்தது. அதே அளவு புதுமைக்கு அவர்களுக்கு ஆசிரியப் பதவி கிடைக்கும் வாய்ப்பும் குறைவு. புதிதாகச் செய்வதும் அதற்கு மதிப்பு கிடைப்பதும் தனித்தனி என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

காடலின் கரிக்கோவின் வாழ்க்கையை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். ஹங்கேரியில் ஒரு இறைச்சிக்கடைக்காரரின் மகள். 1985இல் கணவரோடும் குழந்தையோடும் அமெரிக்காவுக்கு வந்தார். புரதம் செய்வதற்கான குறிப்பை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் மூலக்கூறான எம்ஆர்என்ஏவை மருந்தாக்கலாம் என்பதையே பிடித்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்குப் பணம் கேட்கும் நல்கை விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவியிறக்கம் செய்யப்பட்டார். ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட 2005 கட்டுரைதான் பின்னாளில் கொரோனா தடுப்பூசிகளுக்கு வழி திறந்தது. 2023இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு. அந்த இடைப்பட்ட வருடங்களில் அவரிடம் புத்தாக்கத் திறன் இல்லாமலா இருந்தது? நல்கை பெற்றுவரும் திறனையே ஆராய்ச்சித் திறனாக அளந்த ஒரு களத்தில், அவரிடம் இருந்தது மூலதனமாக எண்ணப்படவில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் எழுதிய 'மத்தேயு விளைவு' இதன் மறுபக்கம்: ஏற்கெனவே பெயர் உள்ளவருக்கே மேலும் பெயர் சேரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புத்தாக்கம் என்பதே பல்கலைக்கழகக் களத்தில் ஒப்பீட்டளவில் புதிய நாணயம். அமெரிக்காவில் 1980இல் வந்த பே-டோல் சட்டம், அரசுப் பணத்தில் செய்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள வழி செய்தது. அந்தப் போக்கு பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. அதற்குமுன் நல்ல ஆசிரியர் என்றால் ஆழ்ந்த புலமை, நல்ல போதனை. இப்போது காப்புரிமை எத்தனை, தொழில்துறைத் தொடர்பு எப்படி என்கிறார்கள். பழைய நாணயத்தில் சொத்து சேர்த்த மூத்த ஆசிரியர்கள், தங்கள் சேமிப்பு மதிப்பிழப்பதை உணர்கிறார்கள். அவர்கள் எதிர்ப்பதைப் பழமைவாதம் என்று எழுதிவிடாதீர்கள். பேட்டி எடுக்கும்போது அந்த வலியையும் பதிவு செய்யுங்கள், அதில் நியாயமும் இருக்கும்.

இப்போது அளவிடும் விஷயத்துக்கு வருகிறேன். "நான் புதிய யோசனைகளை எளிதில் உருவாக்குவேன்: முற்றிலும் உடன்படுகிறேன் முதல் முற்றிலும் மறுக்கிறேன் வரை" என்ற வகை வினாப்பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். தன்னைப் பற்றித் தயங்காமல் உயர்வாகச் சொல்வதே பண்பாட்டு மூலதனத்தின் ஒரு அடையாளம். பக்கம் திருப்பும் கருவி செய்த மாணவர் அந்த வினாவுக்கு 'ஓரளவு' என்றுதான் போடுவார். ஸ்லைடு மாணவர் 'முற்றிலும்' என்று போடுவார். நீங்கள் மூலதனத்தை அளந்துவிட்டு அதற்குத் திறன் என்று பெயர் வைப்பீர்கள், பிறகு இரண்டுக்கும் வலுவான தொடர்பு இருப்பதாகக் கண்டுபிடிப்பீர்கள்.

அதற்குப் பதிலாக நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக ஒரு வேலையில் சிக்கிக்கொண்டபோது யாரிடம் போனீர்கள்? போவதற்கு எத்தனை நாள் ஆனது? அந்த ஆளை எப்படித் தெரியும்? தோற்ற முயற்சிக்கு ஆன செலவு யார் கையிலிருந்து போனது? உதவி கேட்பது உரிமை என்று சில வீடுகளிலும், தொந்தரவு என்று சில வீடுகளிலும் பிள்ளைகள் கற்பதைச் சமூகவியலாளர் அனெட் லாரோ 2003இல் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆசிரியர் தன் அறையில் மாணவர்களைச் சந்திக்கும் நேரம் என்று அறிவிப்பதன் பொருளே பல முதல் தலைமுறை மாணவர்களுக்குப் புரிவதில்லை என்பதை இன்னொரு சமூகவியலாளர் ஆந்தனி ஆபிரகாம் ஜாக் 2019இல் எழுதினார். அப்புறம், மாணவர்களிடம் கேட்பதோடு நிறுத்தாமல் மதிப்பிடுகிறவர்களிடமும் போங்கள். ஒரே செயல்திட்டத்தை எழுத்தில் மட்டும் ஒரு குழுவுக்கும், மேடைப் பேச்சோடு இன்னொரு குழுவுக்கும் கொடுத்து மதிப்பெண் வாங்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ஆய்வின் மிக நல்ல தரவாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பண்பாட்டு மூலதனம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, எளிய வீட்டு மாணவர்களை வெறுங்கையர்களாக எழுதிவிடும் ஆபத்து உண்டு. கல்வி ஆய்வாளர் டாரா யோசோ 2005இல் இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். விடாப்பிடியான நம்பிக்கை, பல மொழி பேசும் திறன், குடும்ப உறவுகளின் பலம், தனக்காக அமைக்கப்படாத நிறுவனங்களுக்குள் வழி கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் எல்லாம் செல்வம்தான் என்றார். நான் முழுதும் ஒத்துக்கொள்கிறேன். உடைந்ததைச் சரிசெய்து வாழப் பழகியவர்களிடம் இருக்கும் கைவளம் எந்த ஆய்வகத்துக்கும் பெரிய சொத்து. களம் அதை எண்ணவில்லை என்பதுதான் சிக்கல். எனவே உங்கள் ஆய்வில் 'இல்லாமை'யைத் தேடாமல் 'எண்ணப்படாமை'யைத் தேடுங்கள்.

பரிந்துரைகள் எழுதும் இடத்தில் பலர் 'விழிப்புணர்வு தேவை' என்று முடித்துவிடுகிறார்கள். வேண்டாம். சின்னச் சின்னதாக, நாளைக்கே மாற்றக்கூடியதாக எழுதுங்கள். செயல்திட்டப் பணத்தைப் பில் கொடுத்த பிறகு திருப்பித் தருவது பல இடங்களில் வழக்கம். கையில் முன்பணம் இருப்பவர் மட்டுமே அங்கே பரிசோதனை செய்ய முடியும், அந்தப் பணத்தை முதலிலேயே கொடுக்கலாம். மதிப்பெண் திட்டத்தில் தோல்விப் பதிவேட்டுக்குத் தனியாக இடம் வைத்து, அதை முதல் நாளே சொல்லலாம். ஆசிரியர்கள் தங்கள் மறுக்கப்பட்ட நல்கை விண்ணப்பத்தையும் ஏற்கப்பட்டதையும் அருகருகே வைத்து வகுப்பில் காட்டலாம்.

நான் இப்போது மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்தால், பேச்சு தொடங்கும் முன் மாணவரின் நோட்டைக் கேட்டு வாங்குகிறேன். பத்து நிமிடம் அதைப் புரட்டிவிட்டு, "இந்தப் பக்கத்தில் என்ன நடந்தது?" என்று ஒரு இடத்தைக் காட்டிக் கேட்பேன். தயங்கித் தயங்கி வந்தவர்கள்கூட அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். உங்கள் பேட்டிகளையும் அங்கிருந்தே ஆரம்பித்துப் பாருங்கள்.